இருபத்துநான்கு சுற்று

பால் உற்பத்தியாளர் சங்கத்தின் தீவனக் கிடங்கில் பதினாறு ஆண்டுகளாகப் பண்டகக் காப்பாளராக இருக்கும் அந்தப் பெண்மணியின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உண்டு. மற்ற எல்லா இடங்களிலும் அவர் ‘ஒண்ணுகூட்டி’. எதைக் கணக்கிட்டாலும் முடிவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். நான்கு பேருக்குத் தேநீர் சொல்லச் சொன்னால் ஐந்து கோப்பை வரும். “இது யாருக்கு?” என்று கேட்டால், “யாராவது வருவாங்க” என்பார். வராத நாளில் அவரே குடித்துவிடுவார்.

தேநீர் விஷயத்தில் இது வேடிக்கை, வேலையில் அப்படியல்ல. பச்சை மக்காச்சோளத்தைத் தட்டையோடு அறுத்து, நறுக்கி, உருளைக் கட்டுகளாக இறுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளைக் காற்றுப் புகாதபடி சுற்றிவைத்தால், உள்ளே தீவனம் புளித்துப் பதமாகும். சைலேஜ் என்ற இந்தத் தீவனம்தான், புல் கிடைக்காத நான்கு மாதங்களுக்குச் சங்கத்து மாடுகளின் வயிற்றை நிரப்புகிறது. தாளில் ஒரு கீற்று இளைத்திருந்தாலும் காக்கை கண்டுபிடித்துவிடும். கொத்திய இடத்தில் பூஞ்சணம் பிடித்து, கட்டு முழுவதும் குப்பைக்குழிக்குப் போகும்.

ஒரு கட்டுக்கு எத்தனை சுற்று வேண்டும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுப்பதில்லை. கட்டைச் சுழல்மேடையில் ஏற்றி, டிராக்டர் டிரைவரை மெதுவாகச் சுற்றச் சொல்லி, தீவனம் கண்ணுக்கு முற்றிலும் மறையும்வரை விரல் மடக்கி எண்ணுவார். இவ்வாண்டு வாங்கிய புதிய இயந்திரத்தின் பெரிய கட்டு ஏழாம் சுற்றில் மறைந்தது. ஏழோடு ஒன்று, எட்டு. ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதிமேல் படிவதால், எட்டுச் சுற்றுக்கு இரண்டு அடுக்கு விழும். ஆறு அடுக்கு வேண்டுமென்றால் இருபத்துநான்கு சுற்று. கட்டை ஒருமுறை சுற்றிவரத் தாள் நான்கு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்ச் சுருள், இயந்திரம் இழுத்துக்கொடுக்கும்போது இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது மீட்டராக நீளும். ஆக, சுருளுக்கு இருபத்திரண்டு கட்டு. அறுநூற்று நாற்பது கட்டுக்கு முப்பது சுருள்; வழக்கம்போல் ஒன்று கூட்டி, முப்பத்தொன்று. இப்படி எழுதிய மதிப்பீட்டை அவர் ஒரு வியாழக்கிழமை மேலாளரின் மேசையில் வைத்தார்.

மேலாளர் பொறுப்பேற்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. படித்தவர், கெட்டவரல்லர், ஆனால் தமக்கு முன்னால் நடந்தவை எல்லாம் வீண்செலவு என்ற எண்ணத்தோடு வந்தவர். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். உருளையின் மேற்பரப்பு, அதற்கு ஆறு அடுக்கு, நீண்ட தாளின் மொத்தப் பரப்பு, வகுத்தல். சுருளுக்கு முப்பத்தெட்டுக் கட்டு. மொத்தம் பதினேழு சுருள் போதும்.

“முப்பத்தொண்ணுக்கும் பதினேழுக்கும் நடுவுல பதினாலு சுருள் இருக்கும்மா. அது எங்க போகுது?”

“கட்டு மேலதான் சார் போகும்.”

“கட்டோட பரப்பளவு இதோ இருக்கு. பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்.”

“பரப்பளவு சரிதான் சார். ஆனா மிஷின் பரப்பளவு பாத்து ஒட்டுறதில்ல. சுத்துது.”

மேலாளர் புன்னகைக்கவில்லை. மறுநாள் மாலை மூன்று வரிகள் தட்டச்சிட்ட ஒரு தாளை அவரிடம் நீட்டினார். கடந்த ஆண்டுகளிலும் இவ்வாண்டும் தேவைக்கு மிகுதியாக மதிப்பீடு செய்ததை ஒப்புக்கொள்வதாகவும், இனி அவ்வாறு நேராது என்றும் அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

“இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா இதோட விட்டுடலாம். இல்லேன்னா விசாரணை. திங்கக்கிழமையிலேருந்து சாவி வேற ஆள் கையில இருக்கும்.”

அவர் தாளை இருமுறை படித்தார். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தார்.

“பின்பக்கம் காலியா இருக்கு சார். கணக்குப் போட எடுத்துக்கறேன்” என்று மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “திங்கக்கிழமை காலையில பால் ஊத்துற நேரத்துக்கு ஒரு புது சுருளை எல்லாரு முன்னாடியும் பிரிப்போம். நீங்களே எண்ணுங்க. முப்பத்தெட்டு வந்தா சாவியை நானே உங்க மேசையில வெச்சிட்டுப் போறேன்.”

வீட்டுக்கு அவர் போய்ச் சேருமுன்பே பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வீட்டுக் குளியலறைக்குத் தடுப்பாகக் கட்டியிருந்த கிழிந்த பிளாஸ்டிக் தாளை, எதிர்வீட்டார் அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்கள்போல நின்று பார்த்தார்கள். அது எலி கடித்ததென்று நான்காண்டுகளுக்கு முன் கழிக்கப்பட்ட துண்டு. கழிவுப் பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி உண்டு.

அவருடைய கணவர் தையற்காரர். முன்னறையில் ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“மூணு வரிதானாமே. போட்டுத் தொலைச்சிட்டு வேலையைப் பாரேன். எதுக்கு வம்பு?”

“மூணு வரி போட்டேன்னா பதினாறு வருஷத்தையும் திருட்டுன்னு படிப்பாங்க. ஏங்க, இந்தச் சட்டைக்கு எவ்வளவு துணி கேட்டீங்க?”

“ரெண்டேகால் மீட்டர்.”

“ஆளோட உடம்புப் பரப்பளவு பாத்தா கேட்டீங்க?”

தையல் இயந்திரம் நின்றது. கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

“அப்படிக் கேட்டா அந்த மனுஷன் கையில்லாத சட்டையிலதான் கல்யாணத்துக்குப் போவான்.”

“இதைத்தான் அந்த சாருக்குச் சொல்லணும்.”

“சொல்லாத. காட்டு” என்று கணவர் தம் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

திங்களன்று காலை, பால் ஊற்ற வந்தவர்களில் பாதிப்பேர் காலிக் கேனோடு கிடங்கு முற்றத்திலேயே நின்றுவிட்டார்கள். டிரைவருக்குக் ‘கொட்டாவி’ என்று பெயர். எந்தக் கேள்விக்கும் ஒரு கொட்டாவி விட்டுத்தான் பதில் சொல்வார். அன்று அவரும் விழிப்பாக இருந்தார். மேலாளர் சுருளின் உறையைத் தாமே கிழித்தார். நோட்டுப் புத்தகத்தோடு நாற்காலியில் அமர்ந்தார்.

“முப்பத்தெட்டு வரலேன்னா இன்னிக்கு டீ சாரோடது” என்று ஒரு பால்காரர் குரல் கொடுத்தார்.

“வந்துட்டா?” என்றார் இன்னொருவர்.

“அப்பவும் டீதான். அக்கா ஒண்ணு கூடவே சொல்லியிருப்பாங்க.”

முற்றம் சிரித்தது. ஒண்ணுகூட்டி சிரிக்கவில்லை. தொடங்குமுன் தாளின்மீது பத்துச் சென்டிமீட்டர் இடைவெளியில் பேனாவால் இரு கோடு போட்டார். இயந்திரம் அதை இழுத்துக் கட்டின்மீது ஒட்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, மேலாளரிடம் நாடாவைக் கொடுத்தார். இடைவெளி பதினேழு.

“தாள் சரியா நீளுது, மிஷின் மேல பழி போட முடியாது. இதை எழுதிக்குங்க சார்.”

மேலாளர் எழுதிக்கொண்டார்.

முதல் கட்டு முடிந்தது. இரண்டாவதை ஏற்றும்முன் அவர் முதல் கட்டின் அருகே போய், சிறு கத்தியால் அதன் வளைந்த பக்கத்தில் உள்ளங்கையளவு சதுரம் வெட்டினார். நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆறு தாள். பிறகு தட்டையான முகத்தின் நடுவில் அதேபோல் ஒரு சதுரம் வெட்டி மேலாளர் கையில் வைத்தார்.

“இதை நீங்க பிரிங்க சார்.”

“நல்ல கட்டை வெட்டிட்டீங்களே!”

“இன்னிக்கே மாட்டுக்குப் போட்டுடலாம். கெட்டுப்போகாது. பிரிங்க.”

மேலாளர் பிரித்தார். பத்தைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. பதினைந்தில் நெற்றி சுருங்கியது. இருபத்துநான்கு தாள்.

“ஒவ்வொரு சுத்தும் ரெண்டு மூஞ்சியையும் நடுவுல தாண்டித்தான் போகணும். வேற வழியில்ல. வளைஞ்ச பக்கத்துல ஆறு அடுக்கு போட்டா நடுவுல இருபத்துநாலு தன்னால விழும். உங்க பதினாலு சுருள் எங்க போகுதுன்னு கேட்டீங்களே, அது உங்க கையில இருக்கு.”

மேலாளர் அந்தத் தாள்களை மேசைமீது அடுக்கிவைத்துவிட்டு, “முழுசா முடியட்டும்” என்றார். அவரையும் குறைசொல்ல முடியாது. பதிவு என்றால் முழுமையாக இருக்கவேண்டும்.

முடிய மூன்று மணிநேரம் ஆயிற்று. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்தொன்றாம் கட்டு இறங்கியது. இருபத்திரண்டாவது ஏறி, பத்தாம் சுற்றில் பாதிவழியில், தாள் அறுந்து காற்றில் படபடத்தது. சுருள் காலி.

மேலாளர் எழுந்தார். அன்று முதன்முறையாக அவர் குரலில் சற்று உயிர் வந்தது.

“நீங்க இருபத்திரண்டுன்னு போட்டிருந்தீங்க.”

“ஆமா சார்.”

“வரலியே.”

டிரைவர் கொட்டாவி விட்டார். “அக்கா, எல்லாத்துக்கும் ஒண்ணு கூட்டுவீங்களே, இதுல கூட்டலியா?”

ஒண்ணுகூட்டி கடைசிக் கட்டைச் சுற்றி நடந்தார். தொடக்கத்தில் கையால் செருகிவிட்ட தாளின் நுனியை உருவினார். முழுதாகச் சுற்றி முடித்த இன்னொரு கட்டின் அருகே போய், அறுத்தபின் மடித்துச் செருகிய முடிவையும் உருவினார். கணவரின் நாடாவால் அளந்தார். இரண்டும் சேர்ந்து நான்கு மீட்டர்.

“வாலை விட்டுட்டேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “கட்டுக்குக் கட்டு தலையும் வாலும் நாலு மீட்டர் வீணாகுது. பழைய மிஷின்ல இது இல்ல. புதுசுல அளக்காம விட்டது என் தப்பு. எழுதிக்குங்க சார்: இருபத்தொண்ணு.”

மேலாளர் எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரிம்மா. ரெண்டு பேர் கணக்கும் தப்புதான். உங்க முப்பத்தொண்ணையே வெச்சுக்கலாம். அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. நான் எதுவும் கேட்கல, நீங்களும் எதுவும் சொல்லல” என்றார்.

“அதெப்படி சார்? நீங்க கேட்டீங்க. நான் சொல்லணும்ல.”

கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, சுருள் பெட்டியின்மீது பின்பக்கத்தைத் திருப்பி வைத்தார். நின்றபடியே எழுதினார். சுருளுக்கு இருபத்தொன்று. அறுநூற்று நாற்பதுக்கு முப்பத்தொன்று. கூட்டல் ஒன்று. முப்பத்திரண்டு. கீழே தேதியிட்டு, பதிவேட்டில் மட்டுமே இருக்கும் தம் முழுப்பெயரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டார்.

“முப்பத்தொண்ணே அதிகம்னு சொன்னேன். நீங்க இன்னொண்ணு கேக்கறீங்க!”

“கேக்கல சார். வேணும்னு எழுதியிருக்கேன்.”

அலுவலகத்துக்குள் சென்று, வரும் கடிதங்களுக்கு எண் போடும் வரவு முத்திரையை எடுத்து, அந்தத் தாளின் இரு பக்கத்திலும் குத்தினார். இரு பக்கத்துக்கும் ஒரே எண்.

“எதுக்கு அந்தப் பக்கமும்?” என்று பின்னாலேயே வந்த மேலாளர் கேட்டார்.

“கோப்புல இருக்கட்டும். என்னைப் பத்தி நீங்க என்ன எழுதினீங்கன்னு படிக்கிறவங்க, திருப்பி இதையும் படிக்கட்டும்.”

வெளியே யாரோ, “சார், டீ!” என்று கூவினார்கள். மேலாளர் பேனாவைத் திறந்து முப்பத்திரண்டின் கீழே ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாளைத் திருப்பியபோது, மூன்று வரிகளுக்குக் கீழே அந்தப் புள்ளிக்கோடு கண்ணில் பட்டது. அதை அடித்துவிடலாமா என்பதுபோல் பேனா அதன்மேல் தயங்கியது.

“அது அப்படியே காலியா இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கிடங்குக்குப் போனார்.