சீட்டுக்கடித் திருகு

ரெட்டியார்பாளையம் அம்மாவாசைக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். பாலைச் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்குவார், காய்காரியின் தராசைத் தூக்கிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் தன் பழைய டிராக்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவரிடம் அவருடைய அப்பா வாங்கிப்போட்ட வண்டி அது. மனைக்கட்டுகளாக மாறாமல் மிச்சமிருந்த வயல்களை அதை வைத்துத்தான் கூலிக்கு உழுது பிழைத்தார்.

அந்த வண்டிதான் இப்போது அவரை ஏய்த்தது. சீட்டுக்கடியில் ஒரு திருகு உண்டு. வலப்பக்கம் திருகினால், தூக்கி நிற்கும் கலப்பை ஆடி அசைந்து இறங்கும். இடப்பக்கம் திருகினால் தொப்பென்று விழும். அம்மாவாசைக்குத் தொப்பென்று விழவேண்டும். வரப்போரம் திரும்பியதும் மண்ணைக் கடிக்காவிட்டால் ஓரத்து நிலம் உழாமல் கிடக்கும், கூப்பிட்டவர் முகம் சுளிப்பார். அதனால் இடப்பக்கம் திருகியே வைத்திருப்பார். மறுநாள் வயலில் பார்த்தால், யாரோ வலப்பக்கம் திருகியிருப்பார்கள்.

யாரோ என்ன யாரோ! அடுத்த தெரு கோவிந்தராசுதான். புது டிராக்டர் வாங்கினவன். "அண்ணன் வண்டிக்கு வயசாயிடுச்சு" என்று டீக்கடையில் சிரித்தவன். இருக்கிற நாலு வயலையும் பிடுங்கத்தான் ராத்திரியில் வீட்டு வாசலுக்கு வந்து வண்டியில் கைவைக்கிறான் என்று அம்மாவாசை அடித்துச் சொன்னார். ஒருநாள் வயலிலிருந்து கிளம்பும்போது திருகில் கறுப்பு கிரீஸை அப்பிவிட்டு வந்தார்.

விடிந்ததும் பார்த்தார். திருகு வலப்பக்கம் இருந்தது, கிரீஸும் இழுபட்டிருந்தது. நேரே டீக்கடைக்குப் போய் கோவிந்தராசுவின் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டினார். கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"இன்னாண்ணே, கைரேகை பாக்கக் கத்துக்கிட்டியா?" என்றான் அவன். கடையே சிரித்தது.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி கமலவேணி இட்லித் தட்டை நீட்டினாள். அவள் நகக்கண்களில் கறுப்பு.

"நீயா?"

"நான்தான்."

"அவன் இன்னா குடுத்தான் ஒனக்கு?"

கமலவேணி தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அவள் விரல்களைத் தேய்த்தார். ஒவ்வொரு நகமாக வெளுத்தது. ஆள்காட்டி விரல் மட்டும் கறுப்பாகவே நின்றது. இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"ஸ்ஸ்... அது கிரீஸ் இல்ல. கலப்பையில மாட்டி ரத்தம் கட்டிக்கிச்சு."

தெருவில் சிமெண்ட் ரோடு போட்டதிலிருந்து கலப்பைக் கொழு பட்டு ரோடு பெயர்ந்தால் சண்டை வரும். அதனால் மாலையில் கலப்பையை இறக்கும்போது அடியில் பலகை வைப்பது அவள் வேலை. அவர் வந்ததும் கலப்பையைத் தூக்கியபடியே விட்டுத் தண்ணி குடிக்க உள்ளே போகிற நேரத்தில்தான், அது மெதுவாக இறங்கட்டும் என்று திருகைத் திருப்பியிருக்கிறாள். அவரோ திரும்பி வந்து லீவரைத் தள்ளிவிட்டு இறங்கிப் போகிறவர், கலப்பை எப்படி இறங்குகிறது என்று ஒருநாளும் பின்னால் பார்த்ததில்லை.

"சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

"சொன்னேன். வெரசா கைய எடுக்கத் தெரியாதான்னு கேட்டீங்க."

கேட்டிருந்தார். நன்றாக ஞாபகம் இருந்தது. இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். ஊரையே சந்தேகப்பட்ட மனிதருக்குத் தன்னை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

அன்று மாலை வண்டியை நிறுத்தியதும் அவரே திருகினார்.

"வலப்பக்கம் திருப்பிட்டேன், பலகைய வையி."

கமலவேணி நம்பவில்லை. சீட்டுக்கடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் குனிந்தாள்.