அச்சானியத்துக்குப் பயந்து வாங்கிய இன்ஷூரன்ஸ்

இந்த ஊரில் டோஸ்டர் வாங்கப் போனால்கூட, கல்லாவில் நிற்கும் பெண் சிரித்த முகத்தோடு, "இது கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறாள். இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை! மேலே இரண்டு டாலர் கொடுத்தால் வாரண்டியாம். அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய இந்தப் பேர்லேண்டுக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். புதுக்கோட்டையில் நாங்கள் மிக்ஸி வாங்கியபோது கடைக்காரர் அதைத் துடைத்துக் கையில் கொடுத்து, "பதினஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வரமாட்டீங்க" என்றார். கடைக்காரர் என்றால் அப்படித்தான் பேச வேண்டும். கெட்டுப்போகும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் அம்மா மிக்ஸியை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கியிருப்பாள். இங்கே முதலில் கெடுதலைச் சொல்கிறார்கள், பிறகுதான் பொருளை விற்கிறார்கள். அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். இங்கே இருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் உங்கள் கார்க் கடன் காகிதங்களை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, நானும் என் கணவர் சேகரும் புதுக் கார் வாங்கப் போனோம். சேகருக்கு ஹூஸ்டனில் ஒரு டெலிபோன் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. அதுவரை ஓட்டிய பழைய கார் வாரம் ஒருமுறை நடுரோட்டில் படுத்துக்கொண்டது. பேர்லேண்டில் பஸ் கிடையாது, நடந்து போகப் பாதையும் கிடையாது. கார் படுத்தால் குடும்பமே படுத்த மாதிரிதான். சரி, துணிந்து ஐந்து வருடக் கடனில் புதிதாக ஒன்று எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இங்கேயே இருக்கும் மீனாட்சி கோயிலில் வண்டி பூஜைக்குச் சொல்லி வைத்தாயிற்று. சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் கையெழுத்து முடிய வேண்டும் என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். கடன் காகிதங்களைப் பார்க்கும் கெவின் என்ற இளைஞன் வந்தான். நல்ல மரியாதையான பையன். சேகரின் பாஸ்போர்ட்டை வாங்கி, விசா இருந்த பக்கத்தை அவனே காப்பி எடுத்துக்கொண்டான். பிறகு ஒரு மஞ்சள் காகிதத்தைத் தள்ளி வைத்து ஆரம்பித்தான் பாருங்கள்! "மிஸ்டர் சேகர், நாளைக்கு நீங்கள் இறந்துவிட்டால் மனைவி இந்தக் கடனை எப்படிக் கட்டுவார்? கை கால் போய்விட்டால்? வேலை போய்விட்டால்?" ஒவ்வொரு கேள்விக்கும் பேனாவால் மேசையில் ஒரு தட்டு. இந்த இன்ஷூரன்ஸை எடுத்தால், செத்தால் முழுக் கடனையும், வேலை போனால் ஆறு மாதத் தவணையையும் அது கட்டிவிடுமாம்.

"என்னங்க, நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல இவன் அச்சானியமாவே பேசறான். சரின்னு சொல்லி வாயை மூட வைங்க."

"யெஸ் யெஸ், ஆட் இட்" என்றார் சேகர். அவரும் என் கட்சிதான். கெவின் இன்னும் ஏதோ விளக்க வந்தான். நான் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன். ஒன்று பத்து. எங்களுக்குப் பசி என்று நினைத்து, அவன் பாவம் ஓடிப்போய் டோனட் கொண்டுவந்து வைத்தான். டோனட்டைத் தின்றபடியே அவன் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டோம்.

திரும்பி வரும்போது சேகர், "அந்த இன்ஷூரன்ஸ் வேணாம்னு சொல்லியிருக்கலாமோ?" என்று இழுத்தார். "சும்மா இருங்க. அது இல்லன்னா லோனே தரமாட்டான்" என்று அடித்துச் சொன்னேன். எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் புதுக்கோட்டையில் ஒரு பேங்க் கிளையில் கிளார்க்காக இருந்தவள். எங்கள் மேனேஜர் பாலிசி எடுக்காத யாருக்கும் கடன் கொடுத்து நான் பார்த்ததில்லை. மார்ச் மாதத்துக்குள் அவருக்கு இத்தனை பாலிசி என்று டார்கெட் உண்டு. உலகம் முழுக்க பேங்க் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். இங்கே வேண்டாம் என்று சொன்னாலும் கடன் கொடுத்தாக வேண்டும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த வருடம் மார்ச்சில் ஒருநாள், காலை பதினோரு மணிக்கே சேகர் ஓர் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய மாடி முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஹெச்-ஒன் விசாவில் இருப்பவருக்கு வேலை போவது என்றால் வெறும் சம்பளம் போவது இல்லை. வேறு கம்பெனி ஒன்று மனுப் போடாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பத்து நாள் இருக்கலாம் என்றார் ஒருவர், இரண்டு மாதம் என்றார் இன்னொருவர், ஒரு நாள்கூடக் கூடாது என்று பயமுறுத்தினார் வேறொருவர். இன்டர்வியூ ஹூஸ்டனின் இன்னொரு மூலையில் இருக்கும், டாலஸில் இருக்கும். காரை மட்டும் விட்டுவிடக் கூடாது. பேங்க்கில் இருந்தது வாடகைக்கே போதாது. அது போக, என் தங்கை மாலதியின் கல்யாணத்துக்கு ஆவணியில் ஊருக்குப் போக டிக்கெட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பணம் ஒன்றுதான் மிச்சம். அதில் கைவைப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. ஒரே தங்கை.

அப்போதுதான் கெவின் ஞாபகம் வந்தான். வேலை போனால் ஆறு மாதத் தவணையை இன்ஷூரன்ஸ் கட்டும் என்று சொன்னானே! "அச்சானியம் பேசினவன் வாய்க்குச் சர்க்கரை போடணுங்க" என்று சேகரிடம் சொல்லிவிட்டு, காகிதத்தில் இருந்த கடன் கம்பெனி நம்பருக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அரை மணி நேரம் போன பிறகு டெனிஸ் என்ற பெண் வந்தாள். ரொம்ப வருத்தப்பட்டாள். வேலையில்லாதவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் உதவித்தொகையை சேகர் வாங்குகிறார் என்று ஒரு கடிதம் அனுப்பினால் போதும் என்றாள். அவ்வளவுதானே என்று மறுநாளே அந்த ஆபீஸுக்குப் போனோம்.

அங்கிருந்த வயதான அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் கணவர் நாளைக்குக் காலையில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வேலைக்குச் சேர முடியுமா?" என்று கேட்டார். வேலை தருகிறார் போலிருக்கிறது என்று நான் மகிழ்ந்து போய், "அவர் சாஃப்ட்வேர், ஆனா கடைன்னாலும் பரவாயில்ல" என்று முந்திக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். "விசாவில் அதற்கு இடமில்லை, மேடம். வேலைக்குச் சேரத் தயாராக இருப்பவருக்குத்தான் உதவித்தொகை. உங்கள் கணவருக்கு வேலை போனது உண்மை. ஆனால் எங்கள் சட்டப்படி அவர் வேலையில்லாதவர் இல்லை." டெனிஸிடம் போனில் இதைச் சொன்னேன். "அப்படியானால் பணம் தர முடியாது, மேடம். ஹேவ் எ கிரேட் டே!"

கிரேட் டேயாம். போனை வைத்த பிறகுதான் எனக்கு விஷயமே உறைத்தது. இன்றைக்கு மறுத்துவிட்டார்கள் என்பது இல்லை. வாங்கிய நாளிலிருந்தே அது எங்களுக்கு ஒரு காசு கொடுத்திருக்க முடியாது! இரண்டாயிரத்து முந்நூறு டாலர் பிரீமியம், அதையும் கடனிலேயே சேர்த்து அதற்கும் வட்டி. மஞ்சள் காகிதத்தைத் தேடி எடுத்தேன். 'அமெரிக்கக் குடிமகனா, நிரந்தரமாகத் தங்க உரிமை உள்ளவரா?' என்ற கேள்விக்கு எதிரே 'யெஸ்' கட்டத்தில் கம்ப்யூட்டரில் அடித்த எக்ஸ். 'நோ' என்றால் பாலிசியே செல்லாது என்று கீழே பொடி எழுத்து. அதற்கு அடுத்த தாளே விசாவின் காப்பி! பார்த்துக்கொண்டே போட்டிருக்கிறான், படுபாவி. அவ்வளவு மரியாதையான பையன்!

புகார் எழுத உட்கார்ந்தேன். 'விற்றவருக்கு உண்மை தெரியும், தெரிந்தே தவறாக நிரப்பினார்' என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தவள் அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். புதுக்கோட்டையில் கறுப்பையா என்று ஒரு பெரியவர் எங்கள் கிளைக்குக் கறவை மாட்டுக் கடன் கேட்டு வந்தார். மேனேஜர் ஒரு விபத்துப் பாலிசியைக் கூடச் சேர்க்கச் சொன்னார். அறுபது வயதைத் தாண்டியவருக்கு அந்தப் பாலிசி செல்லாது. "வயசு என்னங்கய்யா?" என்று கேட்டேன். "அறுபத்தி ரெண்டு இருக்கும் தாயி" என்றார். நான் ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். என் கையால், என் பேனாவால்! டார்கெட்டுக்கு இன்னும் மூன்று பாலிசி பாக்கி இருந்தது. அவர் கைநாட்டு வைத்துவிட்டு எனக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டார். பிறகு பஸ் மோதிக் கால் முறிந்து, ஊன்றுகோலோடு கவுன்டரில் வந்து நின்றார். ரேஷன் கார்டில் இருந்த வயதைப் பார்த்துக் கம்பெனி கைவிரித்துவிட்டது. "மேல எழுதிப் போட்டிருக்கோம்யா" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை அவர் வருவதற்குள் நான் கல்யாணமாகி விமானம் ஏறிவிட்டேன்.

அன்றைக்கே பழைய சிநேகிதி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அவள் இன்னமும் அதே கிளையில்தான் இருக்கிறாள். "கறுப்பையாவா? மாட்டை வித்துக் கடனைக் கட்டிட்டாருடி. அதை ஏன் இப்பக் கிளறுற?" என்றாள். கெவினைத் திட்டிய வார்த்தை எல்லாம் எனக்கும் பொருந்துகிறதே! அந்தப் பாலிசியில் வயதைக் குறைத்து எழுதியது நான்தான் என்று கிளைக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு என்ன சொல்ல.

ஆனால் இங்கத்திய புகாரை நான் கிழிக்கவில்லை. சேகர்தான் பயந்தார். "வேணாம் வசந்தி. வேலை வேற இல்ல. கம்ப்ளெய்ன்ட் அது இதுன்னு போய் கிரீன் கார்டுல கைவச்சுட்டா?"

"எனக்குப் பெண்டாட்டிக்குன்னு குடுக்கற ஹெச்-ஃபோர் விசா. வேலை செய்யத்தான் உரிமை இல்லன்னாங்க. கோவப்படவும் இல்லையா?"

மாநில இன்ஷூரன்ஸ் துறைக்கு ஒன்று, கடன் கொடுத்த கம்பெனிக்கு ஒன்று. மஞ்சள் காகிதத்தின் காப்பியையும் விசாவின் காப்பியையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏப்ரல் தவணை டிக்கெட் பணத்திலிருந்து போனது, மே தவணையும் போனது. மே மாதக் கடைசியில் ஹூஸ்டனிலேயே சேகருக்கு வேறு வேலை கிடைத்தது. காரில் போகாத இன்டர்வியூ இல்லை. ஆனால் சம்பளம் குறைவு. கிரெடிட் கார்டில் வாங்கித் தின்ற அரிசி பருப்புக்கே அது சரியாக இருந்தது. ஜூனில் டிக்கெட் பணத்தின் கடைசி நோட்டும் கரைந்தது.

ஜூலையில் கடன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் மேல் தவறு எதுவும் இல்லையாம், ஆனாலும் நல்லெண்ண அடிப்படையில் முழுப் பிரீமியத்தையும் வட்டியோடு திருப்பித் தருகிறார்களாம்! ஜெயித்துவிட்டேன்! சமையலறையில் நின்று ஓவென்று கத்தினேன். உடனே ஊருக்குப் போன் போட்டு, "வரேன்டி மாலதி, முகூர்த்தத்துக்கு நான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், செக்கைக் காணோம். மறுபடி டெனிஸ்.

"பணம் கொடுத்தாகிவிட்டதே, மேடம். உங்கள் கடன் கணக்கிலேயே கழித்துவிட்டோம்."

"சரி, அப்போ அடுத்த மாசத் தவணை கிடையாது, அப்படித்தானே?"

"இல்லை மேடம், தவணை அதேதான். கடைசித் தவணைகள்தான் குறையும். 2005 பிப்ரவரியில் முடிய வேண்டியது 2004-லேயே முடிந்துவிடும். கங்கிராஜுலேஷன்ஸ்!"

"எனக்கு ஆகஸ்ட்ல வேணும். கையில."

"கடன் முடிவதற்கு முன்னால் கையில் வர வேண்டுமானால், நீங்கள் காரை விற்க வேண்டும்."

என் பணம், நான் சண்டை போட்டு வாங்கிய பணம், அவர்கள் கணக்கிலிருந்து அவர்கள் கணக்குக்கே போய்விட்டது. அன்று நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. சேகர் ரசம் வைத்துக் கொடுத்தார்.

ஆவணியில் மாலதிக்குக் கல்யாணம் நடந்தது. அங்கே விடியற்காலை முகூர்த்தம், இங்கே முந்தின நாள் சாயங்காலம், வெயில் இன்னும் தணியவில்லை. காலிங் கார்டைச் சுரண்டிப் போன் போட்டேன். மண்டபத்து இரைச்சலுக்கு நடுவில் மாலதி வந்தாள். "ஏன்க்கா வரல? வரேன்னியே, அந்தப் பணம் வரலையா?"

"வந்துருச்சுடி. கார்ல போய்ச் சேந்துருச்சு."

"கார்ல இருந்தா எடுத்துட்டு வர வேண்டியதுதானேக்கா?" என்று அழுதாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கெட்டிமேளம் கேட்டது, பிறகு கார்டில் நிமிடம் தீர்ந்துபோனது.

கராஜ் கதவைத் திறந்து காரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சேகர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் கேட்டது நியாயம்தான். நாளைக்கே காரை விற்றால் டிக்கெட் பணம் கைக்கு வந்துவிடும். ஆனால் காரில்லாமல் இந்த ஊரில் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. ஆகவே இந்தப் பணத்தில் ஊருக்குப் போகத்தான் டிக்கெட் வாங்க முடியும், திரும்பி வர முடியாது.