யோர்தான் கரையில் ஒரு மணி நேரம்

எருசலேமுக்குப் போகவேண்டும் என்று ஆனந்தபாய் ஒருநாளும் ஜெபித்ததில்லை. காரோடு என்ற ஊரில், அவளுடைய சபையில் பலருக்கும் அந்த ஆசை உண்டு. போய்வந்தவர்கள் ஒலிவமலைப் படத்தைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வார்கள். அண்டியாபீஸ் என்கிற ஆலையில் முப்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்துப்போன ஆனந்தபாய் அதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாள். அவளுக்கு வேண்டியது வேறு. மகள் ஷிஜாவை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டும்.

ஷிஜா இஸ்ரேலுக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஹைஃபா நகரத்தில், மிரியம் என்ற எண்பத்தெட்டு வயது மூதாட்டியைப் பராமரிக்கும் வேலை. இடையில் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. அந்த மாதத்தில்தான் தகப்பன் சுந்தரதாஸ் சிறுநீரகம் பழுதாகி, வீட்டுக் கட்டிலிலேயே கண்ணை மூடினார். அடக்க ஆராதனையை ஷிஜா ஃபோனில் பார்த்தாள். அதற்குப் பிறகும் அவள் லீவு கேட்கும்போதெல்லாம் மிரியத்துக்கு ஏதாவது ஒன்று வரும். ஒருதரம் விழுந்து இடுப்பு முறிந்தது. இன்னொருதரம் நெஞ்சில் சளி கட்டியது. முகம் தெரியாத அந்தக் கிழவிமேல் ஆனந்தபாய்க்கு உள்ளுக்குள் பொருமல். எனக்க பிள்ளைய அவ பிடிச்சு வச்சிருக்கா என்று அண்டியாபீசில் சொல்லாத நாளில்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று பிப்ரவரியில் சபையிலிருந்து நாற்பது பேர் புனித யாத்திரை புறப்படுவதாக அறிவிப்பு வந்தது. அதைச் சொன்னதும் ஷிஜா ஃபோனிலேயே துள்ளினாள்.

"அம்மா, நீ அவியகூட வா. கலிலேயாவுக்கு வாற அன்னைக்கு நான் லீவு எடுத்துட்டு அங்க வந்துருவேன். ஹைஃபாவுலேந்து ஒண்ணரை மணி நேரந்தான்."

யாத்திரைச் சீட்டில் ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, கலிலேயாவும் யோர்தான் நதியும் என்று போட்டிருந்தது. ஆனந்தபாய் அந்த ஒரு வரியை மட்டும்தான் படித்தாள்.

குழுவை அழைத்துப்போனவன் வினீத். நெய்யாற்றின்கரைக்காரன், முப்பது வயது, எந்நேரமும் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பவன். முந்தைய பயணத்தில் ஓர் ஆள் வேலை தேடி நழுவிவிட்டதால் நிறைய ஏச்சு வாங்கியிருந்தான். இம்முறை எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவன் இடுப்புப் பையில்.

ஜோர்டான் நாட்டிலிருந்து எல்லை தாண்டும் இடத்தில் கூட்டம் நெரிந்தது. அன்று கடக்க முடியவில்லை. ஒரு நாள் போனதில் தங்குமிடங்கள் மாறி, வியாழக்கிழமை என்றிருந்த கலிலேயா சனிக்கிழமைக்குப் போய்விட்டது. ஆனந்தபாய் உடனே மகளைக் கூப்பிட்டாள்.

"சனியாழ்ச்ச இங்க ஓய்வுநாளாக்கும் அம்மா. பஸ்ஸொண்ணும் ஓடாது. எருசலேமுக்கு வந்து திரும்ப லீவும் பத்தாது. நான் எப்படி வருவேன்?"

மறுநாள் எல்லை தாண்டி வந்து சேர்ந்த மாலை, பெத்லகேமில் ஆனந்தபாய் வினீத்தைத் தனியே பிடித்தாள்.

"மக்கா, ஒரே ஒரு நாள் என்னை விடு. ஒரு டாக்சி பிடிச்சு ஹைஃபாவுக்குப் போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துருவேன். எனக்க மவ அங்க உண்டு."

"மாமி, உங்கள நம்பாம இல்ல கேட்டேளா. ஆனா உங்களைத் தனியா விட்டது தெரிஞ்சா எனக்க பணி போவும். அடுத்த குழுவுக்கு விசாவும் கிட்டாது. என்னை மன்னிக்கணும்."

அவன் கைகூப்பினான். அதனால் அவனைத் திட்டவும் அவளால் முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் கூட்டத்தோடு நடந்தாள். இயேசு பிறந்த இடத்தில் எல்லாரும் குனிந்து தரையைத் தொட்டு அழுதார்கள். அவளும் தொட்டாள். கல் குளிர்ந்திருந்தது. கல்லறைக் கோயிலில் முழங்காலிட்டபோதும் ஜெபம் வரவில்லை. இங்கே நிற்கக் கொடுத்துவைத்தும் நெஞ்சு இப்படி வறண்டு கிடக்கிறதே, ஆண்டவர் என்ன நினைப்பார் என்று பயந்தாள். கடைசியில், "உமக்க அம்மைக்குத் தெரியும், அவியகிட்ட கேளும்" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு எழுந்தாள்.

சனிக்கிழமை காலை யோர்தான் கரையில் எல்லாரும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். ஆனந்தபாய் இறங்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நெய்யாற்றைவிடச் சின்ன ஆறு, பச்சைத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

"அம்மா!"

திரும்பினாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குட்டை முடி வைத்த ஒரு பெண் ஓடிவந்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஒரு கணம் ஆனந்தபாய்க்கு அது யாரென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். ஷிஜா வந்து, மண்டியிட்டு, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

சனிக்கிழமைதோறும் தாயைப் பார்க்க வரும் மிரியத்தின் மகன், விஷயம் கேட்டதும் இரண்டு பேரையும் காரில் ஏற்றிவிட்டாராம். ஷிஜா மூச்சுவாங்கச் சொன்னாள். அந்த மனிதர் தூரத்தில் காரில் சாய்ந்து நின்று கையசைத்தார்.

நாற்காலியில் இருந்த மிரியம் ஆனந்தபாயைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"நீ யாருன்னு இவ கேக்குதா" என்று சொல்லிவிட்டு, ஷிஜா அவளிடம், "இமா" என்றாள். அந்த ஊர்ப் பேச்சில் அம்மா. மிரியத்தின் முகம் மலர்ந்தது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் அதே மலர்ச்சி.

"மறதியாக்கும் அம்மா. நான் ஊட்டினா மட்டுந்தான் தின்னும். ராத்திரி எனக்க கையைப் பிடிச்சாத்தான் உறக்கம்."

ஆனந்தபாய் பையைத் திறந்து, மகளுக்காகச் சுட்டுக் கொண்டுவந்த அச்சப்பம் எடுத்தாள். அதைச் சின்னத் துண்டாக ஒடித்து மிரியத்தின் வாயருகே நீட்டினாள். மிரியம் ஷிஜாவைப் பார்த்தாள். ஷிஜா தலையாட்டியதும் வாயைத் திறந்தாள். ஆறு வருஷப் பொருமல் எங்கே போனதென்று ஆனந்தபாய்க்கே தெரியவில்லை. பச்சைப்பிள்ளை மாதிரியல்லவா இருக்கிறாள்!

"அம்மா, அப்பா கடைசியில என்ன சொன்னாரு? ஃபோன்ல கேட்டா நீ பேச்சை மாத்துவ."

ஆனந்தபாய் மகளின் நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"உன்னைத்தான் கேட்டாரு மக்களே. நீ அடுக்களையில நிக்கியன்னு அவருக்க நினைப்பு. 'ஷிஜா கஞ்சி குடிச்சாளா?'ன்னு கேட்டாரு. 'குடிச்சா'ன்னு சொன்னேன். 'அப்ப சரி'ன்னுட்டுக் கண்ணை மூடினாரு. பொய் சொல்லிட்டேனேன்னு எனக்கு எப்பவும் ஒரு வருத்தம்."

"பொய்யில்ல அம்மா" என்றாள் ஷிஜா அழுதுகொண்டே. "நான் எங்கயோ குடிச்சுட்டுத்தானே இருந்திருப்பேன்."

வினீத் வந்து நின்றான். தலை எண்ண வந்தவன் எண்ணவில்லை. எல்லாரும் உடை மாற்ற இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனான். உண்மையில் அவர்கள் அரைமணி நேரம் முன்பே பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தார்கள். காத்திருந்ததற்கு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

அந்த அக்டோபரில் அங்கே போர் மூண்டது. பிள்ளையை உடனே திரும்பக் கூப்பிடு என்று ஊரே சொன்னது. அண்டியாபீசில் உடன்வேலை செய்யும் குமாரி சத்தமே போட்டாள்.

"எவளோ ஒரு கிழவிக்காக உனக்க மவ அங்க கெடந்து சாவணுமா?"

"வான்னு நானுந்தான் சொன்னேன் குமாரி. மிரியத்தை ஆருகிட்ட விட்டுட்டு வாறதுன்னு அவ கேக்குதா. நான் அவியள பாத்தாச்சில்லியா. அதுக்கு மேல எனக்கு வாய் வரல்ல."

சைரன் கேட்கும்போதெல்லாம் ஷிஜா மிரியத்தைத் தூக்கிக்கொண்டு பதுங்கறைக்கு ஓடினாள். முடிந்ததும், "நாங்க ரெண்டுபேரும் உண்டு அம்மா" என்று செய்தி அனுப்புவாள். அது வரும்வரை ஆனந்தபாய்க்குச் சோறு இறங்காது. ஞாயிறுதோறும் சபையின் ஜெபக்குறிப்பில் இரண்டு பெயர்களையும் எழுதிக் கொடுத்தாள்.

மறு வருஷம் கடைசியில் மிரியம் உறக்கத்திலேயே போய்ச்சேர்ந்தாள். கை ஷிஜாவின் கைக்குள் இருந்தது. மூன்று மாதம் கழித்து ஷிஜா ஊர் வந்தாள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஷிஜா அப்பாவின் தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றி, நெடுநேரம் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனந்தபாய் அவசரப்படுத்தவில்லை. வெயில் ஏறியதும் குடையை விரித்து மகளுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள்.