பின்விளக்கு எரிந்ததா

கடைத்தெருவில் அவரைக் 'கரண்ட்டு' என்றால்தான் தெரியும். பைக்குகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். "உன் வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா, உன்னை மாதிரியே ஒரு ஒயர் லூசு" என்பார், சிரிக்காமல். மாப்பிள்ளை விபத்தில் இறந்துபோனதிலிருந்து அந்த வாய் அடைத்துப்போனது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் வேலை முடிந்து திரும்பிய மாப்பிள்ளையைப் பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. பைக்கில் பின்விளக்கே எரியவில்லை என்று வேன் டிரைவர் சாதித்தான். காவல் நிலையத்திலிருந்து வண்டி கைக்கு வந்ததும் மகள் அதைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி அப்பாவின் கடைக்கே கொண்டுவந்தாள். இடுப்பில் குழந்தை.

"லைட் எரிஞ்சுதா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்ப்பா."

"பாத்துச் சொல்றேன்டா. நீ வீட்டுக்குப் போ."

பாட்டரி இறங்கியிருந்தது, வேறொன்றை மாட்டிச் சாவியைத் திருப்பினார். முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. பின்னால் கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் பல்பு பிழைத்திருந்தது. கழற்றி பாட்டரியில் வைத்தார், எரிந்தது. திரும்ப மாட்டினால் இருட்டு. பிரேக்கை மிதித்தாலும் இருட்டுதான். ஹோல்டர் வரை கரண்ட் வருவதை டெஸ்ட் லாம்ப் காட்டியது. அப்படியென்றால் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயரில்தான் கோளாறு. சீட்டைத் தூக்கி அதைத் தடவிக்கொண்டே போனார். பெட்டி மாட்டும் பக்கக் கேரியரின் போல்ட்டுக்கடியில் நசுங்கி அறுந்து கிடந்தது. செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. அன்று அறுந்ததல்ல, எப்போதோ அறுந்தது.

அந்தக் கேரியர் மகள் கேட்டது. குழந்தையின் சாமான்களை வைக்க இடமில்லை என்று அவள் நச்சரித்ததால், மாப்பிள்ளை போகிற வழியில் ஏதோ ஒரு கடையில் பொருத்திக்கொண்டு வந்தார்.

கரண்ட்டு சீட்டைத் திரும்ப மூடிவைத்தார். பிறகு மகளின் வீட்டுக்குப் போனார்.

"எரிஞ்சுதும்மா. இடிச்சப்பதான் ஒயர் அறுந்திருக்கு."

அவள் குழந்தையை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். இவருக்கு மனம் சற்று லேசானது.

ஆனால் சில நாளிலேயே அவள் நிமிர்ந்துவிட்டாள். வக்கீலைப் பார்த்தாள். "அந்தாளு பொய் சொல்லிட்டான்ப்பா. சும்மா விடமாட்டேன். நீங்க கோர்ட்டுல வந்து பாத்ததைச் சொன்னாப் போதும்."

அந்த டிரைவரை இவர் ஒரு முறை பார்த்திருந்தார். பிணவறை வாசலில், எல்லோரும் திட்டத் திட்டத் தலை குனிந்தபடி நின்றவன்.

"உக்காரும்மா" என்றார் மகளிடம்.

சொன்னார். கேரியர், போல்ட், பச்சை பூத்த கம்பி, ஒன்றும் விடாமல் சொன்னார். பொருத்தினவன் பார்க்காமல் முறுக்கிவிட்டான், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றும் சொன்னார். அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க எரிஞ்சுதுன்னு சொன்னப்புறம்தான்ப்பா நான் தூங்கவே ஆரம்பிச்சேன்."



டிரைவரைப் பொய்யன் என்று சொல்லும் பேச்சை அவள் அன்றோடு விட்டுவிட்டாள். அப்பாவிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், குழந்தையை மடியில் விடுகிறாள். இவர்தான் அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வருகிறார்.