நாள் குறிக்காத வழக்கு

நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது அவர் வேலை. ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். அதற்குள் ஆள் வராவிட்டால் வழக்கு போயிற்று. வக்கீல்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மூணுதரம்'. குரல் வெண்கலம்தான். வீட்டில் அதற்கு வேலை இல்லை. மனைவி முந்திப் போய்ச் சேர்ந்தார். மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள். "போறவ ஒரேயடியா போ" என்று கத்தியவர், அந்த வாரமே வாசல் பூட்டையும் மாற்றினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

கொஞ்ச நாள் கழித்து மகள்தான் போன் செய்தாள். பிறகும் செய்துகொண்டிருந்தாள்.

"எப்ப வர்றே?"

"சொல்றேம்ப்பா."

"எந்த நாள்னு சொல்லிட்டு அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவார். வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரையே கூப்பிடுகிறவர் அவளைக் கூப்பிட மாட்டார். தனிமை அவரைத் தின்றது. வீம்பு அதற்குப் பரிமாறியது.

நீதிபதிகள் சில வழக்குகளை 'சைனி டை' என்று ஒத்திவைப்பார்கள். ஆங்கிலத்தில் வந்து குடியேறிய லத்தீன் சொல்; 'நாள் இல்லாமல்' என்று பொருள். அடுத்த தேதி கிடையாது, வேண்டும்போது கூப்பிடுவார்கள். புரியாமல் திருதிருவென்று விழிப்பவர்களுக்கு மூணுதரம்தான் விளக்கம் சொல்வார்: "கிணத்துல போட்ட கல்லுங்க. வீட்டுக்குப் போய் வேலையைப் பாருங்க."

ஒரு தையல்காரம்மா மட்டும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு பாதைத் தகராறு. வழக்கு சைனி டை ஆன பிறகும் திங்கட்கிழமைதோறும் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"நாள்தான் குறிக்கலையேம்மா, எதுக்கு வந்து உக்காந்திருக்கீங்க?"

ஊசியை நிறுத்தாமல் அந்தம்மா சொன்னார்: "குறிக்கலைன்னா எந்த நாளாவும் இருக்கலாமில்ல? நீங்க கூப்பிடறப்ப நான் இல்லாம போயிட்டா?"

மூணுதரம் வாசலுக்குத் திரும்பிப் போனார். அன்று முழுக்கக் குளறினார். ஒரு வக்கீலையே பிரதிவாதியாக்கிக் கூப்பிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

மாலையில், முதல் தடவையாக, அவரே மகளுக்குப் போன் செய்தார்.

"நல்லாருக்கியாம்மா?"

"இருக்கேம்ப்பா. இப்ப லீவு கிடைக்காது, எப்ப வர முடியும்னு..."

"நாளெல்லாம் சொல்ல வேணாம். எப்ப வேணா வா. நான் வேலைக்குப் போயிருந்தாலும் வா."



"வர்றேம்ப்பா. நீங்க இல்லாட்டி என்ன, வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு. போறப்ப எடுத்துட்டு வந்தது, இன்னும் பையிலதான் வச்சிருக்கேன்."

பூட்டை மாற்றிவிட்டதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"வச்சுக்கோ" என்றார். "வச்சுக்கோ. வச்சுக்கோம்மா."

ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் துழாவினார். பழைய பூட்டு துருவேறிக் கிடந்தது, அவருடைய சாவி அதிலேயே தொங்கியது. எண்ணெய் விட்டுத் திருகித் திருகிப் பார்த்தார். கடைசியில் திறந்தது. காலையில் அதையே வாசலில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்.