ரெய்னா என்றால் அரசி

இன்று மதியம் சாப்பிடும்போது, கூட வேலை செய்யும் கொலம்பியாக்காரி மார்த்தா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

அவளுக்கு எல்லோரும் "ரெய்னா"தான். ஸ்பானிஷில் அரசி என்று அர்த்தம். சூப்பர்வைசரும் ரெய்னா, கிளீனிங் அன்ரியும் ரெய்னா.

இன்று என்னை "மி ரெய்னா" என்றாள். என் அரசியே.

"ஞாயிற்றுக்கிழமை உன்ர ஷிப்ட்டை நான் செய்யவேணுமோ?" என்று கேட்டேன்.

உனக்கு எப்படித் தெரியும் என்று வியந்தாள்.

தெரியாமல் என்ன? அம்மா "என்ர ராசாத்தியெல்லே" என்று தொடங்கினாலே பின்னால் ஒரு வேலை வரும்.

மறுக்கக்கூடத் தெம்பில்லை. ஓம் என்றேன்.

இப்போது வீட்டுக்குப் போகும் மல்வேர்ன் பஸ்ஸில் நின்றபடி எழுதுகிறேன். அம்மாவின் மெசேஜ் வந்திருக்கிறது: "ராசாத்தி, எங்கை நிக்கிறாய்?"

கிரீடத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள். சனி, ஞாயிறு லீவு கேட்காதவராக இருக்க வேண்டும்.