என் சாக்ஸுக்குள் அம்மாவின் கை

அத்தை மகனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. சிதம்பரத்தில் டிப்ளமோ படிக்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனாலும் அவனைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளுக்குள் லேசாகப் புகையும். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண் திறந்து ஒரு மாதம் ஆகும் முன்பே என் அம்மாவின் கையை என்னிடமிருந்து தட்டிப் பறித்துக்கொண்ட பயல் அவன்.

அப்போது நாங்கள் அண்ணாகிராமம் பக்கம் இருந்தோம். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டும்போது ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். பட்ட இடம் பொத்துப்போய்க் கறுக்கும், பிறகு காய்த்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் அம்மாவின் உள்ளங்கையும் விரல் நுனிகளும் மரப்பட்டை மாதிரி இருக்கும். தலை பின்னிவிடும்போது அந்த வெடிப்புகளில் என் முடி மாட்டி இழுக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் ஆற்றாமை வேறு. என்னைக் கொஞ்சும்போது அம்மா விரல்களை மடக்கிக்கொண்டு புறங்கையால்தான் கன்னத்தைத் தடவுவாள். என் வகுப்புத் தோழியை அவள் அம்மா இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை ஏந்தி முத்தம் கொடுத்து ஸ்கூல் வாசலில் விட்டுப் போவதைத் தினமும் பார்த்து வயிறெரிவேன். எனக்கு மட்டும் ஏன் கையின் பின்பக்கம்? கேட்டால், "போடி, வேல கெடக்குது" என்பாள்.

அத்தைக்கு இரண்டாவது பிரசவம். மாமியார் வீடான சிதம்பரத்திலேயே பிள்ளை பெற்றாள். பார்க்கப் போனோம். அம்மா ஆசையாகக் குழந்தையை வாங்கியபோது அவள் விரல் நுனி அதன் கன்னத்தில் உரசிவிட்டது. வீலென்று கத்தியது. சிவப்பாக ஒரு கீறல். அத்தையின் நாத்தனார் வெடுக்கென்று குழந்தையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள்.

"பாத்துக்கா... கையா அது? உப்புத்தாளு மாதிரி இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஊர் திரும்பும் வரை கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். முப்பதாம் நாள் தொட்டில் போடும் விசேஷம் வேறு இருந்தது. தாய்மாமன் மனைவி என்ற முறையில் எல்லோர் முன்னாலும் அவள்தான் குழந்தையைத் தூக்கித் தொட்டிலில் போட வேண்டும்.

மறுநாளே வைத்தியம் ஆரம்பமானது. கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று, உடைக்கும் வேலையை விட்டுப் பருப்புக்குத் தோலுரிக்கும் பக்கம் மாறிக்கொண்டாள். சாயங்காலம் சோறு வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாகக் குண்டானில் ஊற்றிக் கையை ஊறப்போடுவாள். பிறகு சர்க்கரையில் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துத் தேய்ப்பாள். சீக்கிரம் சரியாகட்டும் என்று ஒருநாள் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துவிட்டு, வெடிப்பில் எரிச்சல் தாங்காமல் குதித்தாள். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாலில் அரை ஸ்பூனுக்கு மேல் சர்க்கரை போடாதவள், அந்தப் பயலுக்காக அள்ளி அள்ளிப் போடுகிறாள்!

அதோடு விட்டாளா? படுக்கும் முன் மறுபடி எண்ணெய் தடவி, போர்வையில் ஒட்டாமல் இருக்கக் கைக்கு ஒரு உறை மாட்டிக்கொள்வாள். என் பழைய ஸ்கூல் சாக்ஸ். என் சாக்ஸ்! எனக்கு வந்ததே ஆத்திரம்.

"எனக்காக ஒரு நாளாச்சும் இப்டி செஞ்சிருக்கியா?" என்று கத்தினேன்.

"ஏண்டி, பச்சப் புள்ளகூடப் போயி போட்டி போடுற?" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சாக்ஸ் மாட்டிய கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கை நாளுக்கு நாள் மிருதுவாகிக்கொண்டு வந்தது. நான் ஒரே முடிவாக இருந்தேன். அந்தக் கை முதலில் என் கன்னத்தில்தான் பட வேண்டும், அவன் மேல் அல்ல.

விசேஷத்தன்று கடலூர் போய்ச் சிதம்பரத்துக்குப் பஸ் மாறினோம். அம்மா உடம்பில் பட்டுப்புடவை, கையில் சாக்ஸ். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் சாக்ஸைப் பிடித்து இழுத்தேன்.

"மொதல்ல எனக்குத் தடவு."

"சும்மா இருடி. கம்பியில பட்டா அழுக்காய்டும்" என்று கையை மாரோடு சேர்த்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், பொறுமை போயிற்று. அத்தை வீட்டுக் கூடத்தில், அப்பா தாய்மாமன் சீராக வாங்கி அனுப்பிய மரத்தொட்டிலைப் பூவெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் குழந்தையைச் சுற்றி நின்ற நேரத்தில் நான் போய்த் தொட்டிலில் ஏறிக் காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். எனக்கு எட்டு வயது. சங்கிலி கிறீச்சிட்டது.

"ஏய், எறங்குடி, ஒடஞ்சிடப் போவுது!" என்று அத்தை பதறினாள். நாத்தனார் செல்போனில் போட்டோ எடுத்தாள். அதை வைத்துத்தான் இன்றைக்கும் அந்தப் பயல் என்னைக் கிண்டல் செய்கிறான்.

அம்மா வந்தாள். அடி நிச்சயம் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. குழந்தையைத் தூக்குவதற்காகக் கழுவித் துடைத்து வைத்திருந்த இரண்டு உள்ளங்கையாலும் என் முகத்தை ஏந்தினாள். தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது.

"குத்துதா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"இல்ல."

"நெசமாவா?"

தலையாட்டினேன். அவள் கண் ஏன் கலங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. சிரித்தபடி என்னை இறக்கிவிட்டாள். பிறகு குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டாள். அது சிணுங்கக்கூட இல்லை.

"என்னக்கா போட்டீங்க, க்ரீமா?" என்றாள் நாத்தனார்.

"க்ரீமெல்லாம் எதுக்கு? கஞ்சித் தண்ணிதான்" என்ற அம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. எனக்கோ அதிலும் ஒரு எரிச்சல். அவனைத் தொடும் முன் என்னிடம் பரீட்சை பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே அம்மா கொட்டை உடைக்கத் திரும்பினாள். கை பழையபடி கறுத்துக் காய்த்துப்போனது. எனக்கு ஒரே கொண்டாட்டம். இனிமேல் அந்தப் பயலுக்கும் கிடையாது! சாக்ஸும் பிசுபிசுவென்று என்னிடமே திரும்பி வந்தது.

அம்மா மறுபடி விரல்களை மடக்கிக்கொண்டு என் கன்னத்தைத் தடவ ஆரம்பித்தாள். நமக்கு வாய்த்தது இந்தப் பின்பக்கம்தான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கொட்டை எண்ணெய் படாமல் அம்மாவின் கையில் மிருதுவாக மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.